பெரிய ஷோரூமில் சைக்கிள் வாங்கலாமா, சர்வீஸுக்கு விடலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சைக்கிள் வாங்கப் போகிறேன் என்று யார் சொன்னாலும் பேச்சு உடனே விலைக்கும் கியருக்கும் போய்விடுகிறது. நான் முதலில் கேட்பது வேறு: "செவ்வாய்க்கிழமை காலையில் வண்டி மக்கர் பண்ணினால் யாரிடம் தள்ளிக்கொண்டு போவீர்கள்?" இதற்குப் பதில் இருந்தால் எந்த வண்டி வாங்கலாம் என்பது பாதி முடிவாகிவிடும். கீழே உள்ளவை சென்னை, கோவை போன்ற ஊர்களில் டெகத்லான் மாதிரியான பெரிய கடைகளிலோ, டிராக் அண்ட் டிரெயில், ஃபயர்ஃபாக்ஸ் மாதிரியான பிராண்டுக் கிளைகளிலோ வாங்க நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்.

பெரிய ஷோரூமா, தெருமுனை சைக்கிள் கடையா? எங்கே வாங்குவது?

வண்டியைப் பொறுத்தது. மார்க்கெட்டுக்கும் டியூஷனுக்கும் ஸ்டேஷனுக்கும் போய்வர, கேரியரும் மட்கார்டும் செயின் கவரும் வைத்த கியர் இல்லாத வண்டிதான் வேண்டும் என்றால் தெருமுனைக் கடையே போதும். ஹீரோ, பி.எஸ்.ஏ., ஹெர்குலிஸ் என்று எதை எடுத்தாலும் அதன் பிரேக் கட்டையும் பெடலும் பால்ஸும் (சக்கரத்துக்குள் உருளும் இரும்புக் குண்டுகள்) தமிழ்நாட்டில் எந்தச் சின்ன ஊரிலும் கிடைக்கும். பி.எஸ்.ஏ., ஹெர்குலிஸ் வண்டிகளைச் செய்யும் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-இல் அம்பத்தூரில் தொடங்கியது. எழுபது ஆண்டுக்கு மேலாகப் புழங்கும் பாகங்கள். கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டும் கைகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன.

கியர் வண்டி, டிஸ்க் பிரேக், ரோடு பைக் என்று போனால் ஷோரூம் பக்கம் சாய்வேன். காரணம் பளபளப்பு அல்ல, உதிரி பாகம். டெகத்லானை எடுத்துக்கொள்ளுங்கள். 1976-இல் பிரான்சின் லீல் நகருக்கு அருகே தொடங்கிய கடை, 2009-இல் இந்தியாவுக்கு வந்தது. அங்கே விற்கும் ராக்ரைடர், ரிவர்சைட், டிரைபன் எல்லாம் அவர்களுடைய சொந்தப் பெயர்கள்தான். கியர், செயின் போன்றவை ஷிமானோ மாதிரி பாகம் செய்யும் கம்பெனிகளின் பொதுச் சந்தைப் பொருளாக இருக்கும், வெளியிலும் வாங்கலாம். ஆனால் ஃபிரேமோடு ஒட்டிய சில துண்டுகள் அந்தக் கடையைத் தவிர வேறெங்கும் கிடைப்பது கஷ்டம்.

அதில் முக்கியமானது ஹேங்கர். பின்சக்கரத்துக்கு அருகில், செயினை நகர்த்தி கியர் மாற்றும் டிரெயிலியரை ஃபிரேமோடு பிடித்துவைத்திருக்கும் சின்ன அலுமினியத் துண்டு. வண்டி வலப்பக்கமாக விழுந்தால் ஃபிரேம் பிழைக்கட்டும் என்று இது வளைந்துகொடுக்கும்; சில நேரம் முறிந்தும் போகும். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் இதன் வடிவம் வேறு. பில் போடும்போதே கூட ஒன்று வாங்கி வீட்டில் போட்டுவையுங்கள். சில நூறு ரூபாய்ப் பொருள் கையில் இல்லாமல் வாரக்கணக்கில் வண்டி சுவரில் சாய்ந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஷோரூம் உங்கள் வீட்டிலிருந்து 25 கி.மீ. தள்ளி இருந்தால் இந்தக் கணக்கு மாறும். ஒவ்வொரு சர்வீஸுக்கும் குட்டி யானை பிடித்து வண்டியை ஏற்றி இறக்கப் போகிறீர்களா? இல்லையென்றால் பக்கத்துக் கடைக்காரர் தொடத் தயங்காத எளிய வண்டியாகப் பார்ப்பதே நல்லது.

ஆன்லைனில் இரண்டாயிரம், மூவாயிரம் குறைவாகக் கிடைக்கிறதே?

அந்த வண்டி "85 சதவீதம் பூட்டப்பட்டது" என்ற அறிவிப்போடு அட்டைப்பெட்டியில் வரும். மிச்சமுள்ள 15 சதவீதம் என்பது முன்சக்கரம், ஹேண்டில்பார், பெடல், சீட்டு, முன்பிரேக். அதாவது, கழன்றால் ஆளைக் கீழே தள்ளும் பாகங்கள் அத்தனையும் உங்கள் பொறுப்பு.

நீங்களே பூட்டுவதானால் இரண்டு விஷயம். இடப்பக்கப் பெடலின் மரை தலைகீழானது. அதை இடமாகச் சுற்றினால்தான் இறுகும். இது தெரியாமல் வலுவாக வலப்பக்கம் சுற்றி, கிராங்கின் (பெடலைத் தாங்கும் கை) மரையைத் தின்றுவிடுபவர்கள் ஏராளம். பெடலில் எல், ஆர் என்று எழுத்து இருக்கும், பார்த்து மாட்டுங்கள். இரண்டாவது, முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவையான ஃபோர்க் பின்பக்கம் திரும்பிய நிலையில் பெட்டிக்குள் வரலாம். பிரேக் முன்னால் பார்த்தபடி இருக்கிறதா என்று சரிபார்க்காமல் அப்படியே ஹேண்டில்பாரை இறுக்கிவிடாதீர்கள். ஃபோர்க்கைத் திருப்பி மாட்டிய வண்டியைப் பெரிய கடை ஒன்றின் வாசலிலேயே காட்சிக்கு வைத்திருந்ததைக் கண்டிருக்கிறேன்; வீட்டில் பூட்டுபவரைக் குறை சொல்ல முடியாது.

கையில் ஸ்பேனர் பழக்கம் இல்லையென்றால், பெட்டியோடு தெருக்கடைக்குக் கொண்டுபோய்க் கூலி கொடுத்துப் பூட்டச் சொல்லுங்கள். அந்தக் கூலியையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் ஆன்லைன் லாபம் பெரும்பாலும் கரைந்துவிடும்.

ஷோரூமில் பூட்டித் தந்தால் அப்படியே நம்பி ஓட்டிப் போகலாமா?

ஓட்டலாம், பத்து நிமிடம் பார்த்த பிறகு. பெரிய கடையில் நல்ல மெக்கானிக்கும் இருப்பார், போன வாரம் ஷூ பிரிவிலிருந்து மாற்றப்பட்ட தம்பியும் இருப்பார். உங்கள் வண்டியை யார் பூட்டினார் என்பது உங்களுக்குத் தெரியாது. அதனால் பில்லிங் கவுண்டரைத் தாண்டும் முன் இவற்றைச் செய்துபாருங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நல்ல மெக்கானிக்குக்கு இது பிடிக்கவும் செய்யும்.

முன்சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு ஹேண்டில்பாரைத் திருப்புங்கள். சக்கரம் நிற்க ஹேண்டில்பார் மட்டும் நகர்ந்தால் அதை ஃபோர்க்கோடு சேர்க்கும் ஸ்டெம் இறுகவில்லை. அடுத்து, முன்பிரேக்கைப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஹேண்டில்பாருக்குக் கீழே "டக் டக்" என்று கேட்டால் ஃபோர்க் திரும்ப உதவும் கப் செட் லூஸ். சக்கரங்களைத் தூக்கிச் சுற்றிவிட்டு பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஒரு பக்கம் உரசி, ஒரு பக்கம் விலகிப் போனால் ரிம்மில் கோட்டம் இருக்கிறது. புது வண்டியில் அது இருக்கக் கூடாது. "ஓட்ட ஓட்டச் சரியாயிடும் சார்" என்பார்கள். ஆகாது. ஓட்ட ஓட்ட அதிகமாகும்.

ஸ்பேனர் இல்லாமல் நெம்புகோலால் கழற்றும் க்விக் ரிலீஸ் சக்கரமாக இருந்தால் அந்த நெம்புகோலை நீங்களே ஒருமுறை திறந்து மூடுங்கள். மூடும்போது உள்ளங்கையில் தடம் பதியும் அளவுக்கு இறுக்கம் வேண்டும். வெறுமனே விரலால் மூட முடிந்தால் அது மூடவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு கடை வளாகத்துக்குள்ளேயே ஒரு சுற்று ஓட்டி எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். எந்தக் கை பிரேக் எந்தச் சக்கரத்தைப் பிடிக்கிறது என்பதையும் அப்போதே தெரிந்துகொள்ளுங்கள். இந்தியாவில் பெரும்பாலும் வலக்கை முன்பிரேக். ஆனால் வெளிநாட்டு வடிவமைப்பு வண்டிகளில் மாறியிருக்கலாம். இறக்கத்தில் வைத்து இதைக் கண்டுபிடிக்க வேண்டாம்.

எனக்கு எந்த சைஸ் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

"எம் சைஸ்தான் சார் ஸ்டாக்ல இருக்கு, சீட்டை ஏத்திக்கலாம்" என்பதை ஒப்புக்கொள்ளாதீர்கள். சீட்டை ஏற்றலாம், ஃபிரேமின் நீளத்தை நீட்ட முடியாது. சரியான சைஸா என்று பார்க்க, வண்டியின் மேல்குழாய்க்கு இருபுறமும் கால் வைத்து நில்லுங்கள். குழாய்க்கும் உடலுக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளியாவது வேண்டும். பிறகு சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வைத்து அதை அடிவரை இறக்குங்கள். கால் நேராக நீண்டால் சீட்டு உயரம் சரி. ஓட்டும்போது பாதத்தின் முன்பகுதி பெடலில் இருப்பதால் முழங்காலில் கொஞ்சம் மடிப்பு தானாக வந்துவிடும்.

நம் ஊரில் பாதிப் பேர் சீட்டை மிகத் தாழ்த்தி வைத்து ஓட்டுகிறார்கள், நின்றால் இரண்டு பாதமும் தரையில் பட வேண்டும் என்பதற்காக. முழங்கால் வலிக்கு இது நேர்வழி. சீட்டு போஸ்டில் குறைந்தபட்சக் கோடு ஒன்று செதுக்கியிருக்கும். அந்தக் கோடு வெளியே தெரியும் அளவுக்கு ஏற்ற வேண்டியிருந்தால் ஃபிரேம் உங்களுக்குச் சிறியது.

குழந்தைக்கு வாங்கும்போது கொஞ்சம் பெரிதாக வாங்கிவிடலாமா?

வளர்ந்துவிடும் என்று பள்ளிச் சீருடையை வேண்டுமானால் பெரிதாக எடுக்கலாம். சைக்கிளில் வேண்டாம். பிரேக் எட்டாத, கால் ஊன்ற முடியாத வண்டியில் பயந்துபோன குழந்தை பிறகு தொடவே தொடாது. டெகத்லானில் உயரத்தை வைத்துப் பிரிக்கிறார்கள்: 14 அங்குலச் சக்கரம் 90 முதல் 105 செ.மீ. வரை, 16 அங்குலம் 120 வரை, 20 அங்குலம் 135 வரை, 24 அங்குலம் 150 வரை. வயதை விட இந்த உயரக் கணக்கு நம்பகமானது. வாங்கும் இடம் எதுவானாலும் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போங்கள். பிரேக் பிடியை அந்தச் சின்ன விரல்கள் முழுதாக அழுத்த முடிகிறதா என்று பாருங்கள். பிறந்த நாளுக்கு இன்ப அதிர்ச்சி என்று பெட்டியில் வாங்கி வருவது பல வீடுகளில் பரணில்தான் முடிகிறது.

பத்தாயிரத்துக்குள் முன்னும் பின்னும் சஸ்பென்ஷன், டிஸ்க் பிரேக், 21 கியர் எல்லாம் தருகிறார்களே?

வாங்காதீர்கள்.

அந்த விலையில் இவை அத்தனையும் வைக்க வேண்டுமென்றால் ஒவ்வொன்றிலும் காசு குறைத்திருப்பார்கள். ஃபோர்க்கில் வெறும் ஸ்பிரிங் இருக்கும். குழியில் குதிக்கும், எடை மட்டும் ஓரிரு கிலோ கூடும். டிஸ்க் பிரேக் கேபிளால் இழுக்கப்படும் மலிவு வகையாக இருக்கும். அதைவிட ஒழுங்காகப் பூட்டிய சாதாரண வி-பிரேக் (ரிம்மை இருபுறமும் கட்டையால் பிடிப்பது) நன்றாகப் பிடிக்கும், கட்டை தேய்ந்தால் எவரும் மாற்றித் தருவார்கள். பின் சஸ்பென்ஷனின் மூட்டில் ஆட்டம் விழுந்தால் சீர்செய்யத் தெருக்கடையிலும் வழியில்லை, ஷோரூமிலும் உதிரி இருக்காது. அதே பணத்தில் அசையாத ஃபோர்க், வி-பிரேக், ஏழு கியர் அல்லது கியரே இல்லாத வண்டி எடுத்தால் நல்ல ரிம்மும் நல்ல பால்ஸும் கிடைக்கும். சென்னை, மதுரை, திருச்சி மாதிரி சமதளத்தில் 21 கியரில் நான்கைந்தைத்தான் நிஜமாகப் பயன்படுத்துவீர்கள். ஏற்காடு ஏறுகிறவர்களுக்கு வேறு கணக்கு.

கடைக்காரர் "ஷிமானோ கியர்" என்று சொன்னால் எந்த வரிசை என்று கேளுங்கள். அடியில் டூர்னி, அதற்கு மேல் ஆல்டஸ், அசேரா, அலிவியோ, டியோர் என்று ஏறும். ரோடு பைக்கில் கிளாரிஸ், சோரா, டியாக்ரா, 105. டூர்னி மோசமில்லை, ஆனால் டூர்னியை வைத்துவிட்டு அலிவியோவின் விலை கேட்பதுதான் பிரச்சினை.

முதல் இலவச சர்வீஸுக்குக் கட்டாயம் போக வேண்டுமா? வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது?

போங்கள். விடாதீர்கள். புது கேபிள் முதல் சில வாரங்களில் தன் உறைக்குள் படிந்து தளரும். அதனால் கியர் தாவும், பிரேக் பிடி நீளும். புதுச் சக்கரத்தின் போக்ஸ் கம்பிகளும் அப்போதுதான் தம் இடத்தில் உட்காரும். ஒருமுறை இறுக்கிச் சரிசெய்துவிட்டால் அப்புறம் நீண்ட நாள் தொந்தரவு இல்லை. இறுக்காமல் ஓட்டினால் ஒவ்வொரு கம்பியாக அறுந்து, பின்சக்கரம் எட்டு போட ஆரம்பிக்கும்.

ஜூன் மாதப் பள்ளித் திறப்பை ஒட்டியும் சனி, ஞாயிறுகளிலும் சர்வீஸ் பகுதியில் கூட்டம் நெரியும். வார நாள் காலையில் போனால் மெக்கானிக்குக்கு உங்கள் வண்டியைப் பார்க்க நேரம் இருக்கும். இதில் பாதி வெற்றி அடங்கியிருக்கிறது.

ஷோரூமில் சர்வீஸுக்கு விடும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

"ஜெனரல் சர்வீஸ்" என்று மட்டும் எழுதிக்கொடுத்துவிட்டு வராதீர்கள். கழுவி, செயினுக்கு எண்ணெய் விட்டு, காற்றடித்துத் தருவதும் அந்தப் பெயரில்தான் நடக்கிறது. சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பைத் திறந்து பால்ஸை எடுத்துக் கழுவி கிரீஸ் வைப்பதும் அதே பெயரில் நடக்கிறது. இரண்டாவதைத்தான் நம் தெருக்கடைக்காரர்கள் ஓவராயில் என்பார்கள். எது வேண்டும் என்று சொல்லி, ஜாப் கார்டில் எழுத வைத்து, கூலி எவ்வளவு, பாகத்துக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள்.

குறையை ஓட்டுகிறவரின் மொழியில் சொல்லுங்கள். "கியர் சரியில்லை" என்பதைவிட "மூன்றிலிருந்து நான்குக்குப் போகும்போது சத்தம் வருகிறது, மேட்டில் மிதித்தால் தாவுகிறது" என்றால் மெக்கானிக் நேராக அங்கே கை வைப்பார். அவரையே நேரில் பார்த்துப் பேச முடிந்தால் கவுண்டரில் இருப்பவரிடம் சொல்வதைவிட நல்லது. பாகம் மாற்றினால் கழற்றிய பழையதைக் கேட்டு வாங்குங்கள். கேட்பார் என்று தெரிந்தாலே தேவையில்லாமல் மாற்றுவது குறையும்.

வண்டியை எடுக்கும்போது மேலே சொன்ன அதே பத்து நிமிடச் சோதனை. சர்வீஸ் முடிந்த வண்டியில் முன்சக்கரம் சரியாக மாட்டாமல் இருப்பது அபூர்வமில்லை.

தெருக்கடை அண்ணனிடம் எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது?

பஞ்சர், டயர் மாற்றுவது, போக்ஸ் கம்பி போட்டுக் கோட்டம் எடுப்பது, ஹப், பெடல், கேரியர், ஸ்டாண்ட் எல்லாவற்றையும் தயங்காமல் கொடுங்கள். கோட்டம் எடுப்பதில் முப்பது வருடம் கை பழகிய ஒருவரை எந்த ஷோரூம் பயிற்சியும் ஈடுகட்டாது. ரிம்மைச் சுற்றிவிட்டு, கட்டைவிரலை ஃபோர்க்கில் வைத்து, நகத்தில் உரசும் சத்தத்தை வைத்தே எந்தக் கம்பி என்று சொல்வார்கள். புத்தம் புது வண்டியிலும் கோட்டம் எடுக்க நான் அங்கேதான் போகிறேன்.

சிக்கல் எண்ணெயில்தான் வரும். செயினுக்கு விடும் எண்ணெய் டிஸ்க் தட்டில் ஒரு துளி தெறித்தால் போதும், பேடு ஊறி பிரேக் பிடிக்காது, கீச்சிடும். ஊறிய பேடைப் பெரும்பாலும் மாற்றத்தான் வேண்டும். "டிஸ்க்ல சத்தம் வருதுண்ணே" என்று நீங்கள் சொல்ல, அவர் அன்போடு அதற்கும் இரண்டு சொட்டு விடுவார். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஹைட்ராலிக் டிஸ்க் என்றால் இன்னொரு எச்சரிக்கை. ஷிமானோ பிரேக்கில் மினரல் ஆயில்தான் ஊற்ற வேண்டும். மோட்டார் பைக்குக்கு ஊற்றும் பிரேக் ஆயில் வேறு ரகம். அது உள்ளே போனால் ரப்பர் வாஷர்கள் உப்பிக் கெட்டுப்போகும். ஹைட்ராலிக் பிரேக், கேபிள் உள்ளே ஓடும் ஃபிரேம், கார்பன் பாகம் இவை மூன்றையும் ஷோரூமுக்கோ கியர் வண்டி பழகிய கடைக்கோ கொண்டுபோங்கள்.

பஞ்சரில் ஒரு நடைமுறைத் தொல்லை உண்டு. ரோடு பைக் டியூபில் பிரெஸ்டா என்ற ஒல்லியான வால்வு இருக்கும். பெட்ரோல் பங்க் காற்றுக் குழாய் அதற்குப் பொருந்தாது. சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்றை வாங்கி வால்விலேயே திருகி வைத்துவிடுங்கள். மோட்டார் பைக் மாதிரித் தடித்த வால்வு என்றால் பங்கில் காற்றடிக்கலாம். ஆனால் சைக்கிள் டியூபின் கொள்ளளவு குறைவு, நொடியில் நிரம்பிவிடும். டயரின் பக்கவாட்டில் காற்றழுத்தம் எத்தனை பி.எஸ்.ஐ. என்று அச்சிட்டிருக்கும்; அதைப் பார்த்து, விட்டுவிட்டு அடியுங்கள். காது அடைக்கும் வெடிச்சத்தம் கேட்ட பிறகு பார்ப்பதில் பயனில்லை.

மழைத்தண்ணீரில் ஓட்டினேன். உடனே சர்வீஸ் தேவையா?

தூறலில் நனைந்தால் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டால் போதும். ஆனால் வடகிழக்குப் பருவமழையில் வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் நிற்கும் தண்ணீர் மாதிரி, சக்கரத்தின் நடுப்பகுதி மூழ்கும் அளவுக்கு இருந்தால் கதை வேறு. ஹப்பிலும் மிதிக்கும் கிராங்கின் நடு பெட்டியிலும் தண்ணீர் போகும், சேற்றோடு. வெளியே தெரியாது. ஒரு மாதம் கழித்து கரகரவென்று சத்தம் வரும்போது பால்ஸும் அவை உருளும் கோனும் துருவேறி அரிக்கப்பட்டிருக்கும். கிரீஸை மாற்றக் கொடுக்கும் கூலி, ஹப்பையே மாற்றும் செலவில் சிறு பங்கு.

வெள்ளம் வடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கார் வாஷ் கன் வைத்து ஹப்பைக் குறிவைத்து அடிக்காதீர்கள், அது இருக்கும் கிரீஸையும் தள்ளிவிடும். சீட்டுப் போஸ்டைக் கழற்றிவிட்டு வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தால் ஃபிரேமுக்குள் போன தண்ணீர் வடியும். பிறகு ஓவராயிலுக்கு விடுங்கள். டிசம்பரில் ஷோரூமில் வரிசை நீளமாக இருக்கும். இந்த வேலைக்குத் தெருக்கடையே போதும். சீல் செய்த பேரிங் போட்ட விலை கூடிய சக்கரம் என்றால் மட்டும் காத்திருங்கள்.

கடலோரத்தில் வசிப்பவர்களுக்கு மழையே வேண்டாம், உப்புக் காற்று போதும். பெசன்ட் நகரிலோ தூத்துக்குடியிலோ மொட்டை மாடியில் நிறுத்தும் வண்டியின் போல்ட்டுகள் ஓராண்டில் துருவேறிப் பழுத்துவிடும். வாரம் ஒருமுறை துணியில் கொஞ்சம் எண்ணெய் தொட்டு போல்ட் தலைகளைத் துடையுங்கள்.

"செயின் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும்" என்கிறார்கள். உண்மையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வீட்டில் இரும்பு ஸ்கேல் இருந்தால் போதும். செயினின் ஒரு பின்னின் (கண்ணிகளைக் கோக்கும் ஆணி) நடுவில் பூஜ்ஜியத்தை வைத்து அளந்தால், புதுச் செயினில் 12 அங்குலக் கோடு சரியாக இன்னொரு பின்னின் நடுவில் விழும். அந்தப் பின் கோட்டைத் தாண்டி ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்குக்கு மேல் போயிருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. எட்டில் ஒரு பங்கைத் தொட்டிருந்தால் செயினோடு பின்சக்கரத்துப் பற்சக்கரமும் போயிருக்கும், இரண்டையும் மாற்ற வேண்டும். ஆகவே செயினைச் சீக்கிரம் மாற்றுவது சிக்கனம். மெக்கானிக் சொன்னால் "அளந்து காட்டுங்கள்" என்று கேளுங்கள்; ஷோரூமில் அதற்கென்றே சின்ன அளவுகோல் வைத்திருப்பார்கள்.

வேறு இடத்தில் வாங்கிய வண்டியை ஷோரூமில் சர்வீஸ் செய்வார்களா? பள்ளியில் தந்த சைக்கிளை?

டெகத்லான் போன்ற கடைகளின் பணிமனையில் வேறு பிராண்டு வண்டியையும் பார்ப்பது உண்டு. கிளைக்குக் கிளை மாறும், போனில் கேட்டுவிட்டுப் போங்கள். பதினோராம் வகுப்பில் அரசு தரும் விலையில்லா சைக்கிளைப் பொறுத்தவரை ஷோரூமுக்குக் கொண்டுபோவது வீண் அலைச்சல். அதன் பாகங்கள் எல்லாம் தெருக்கடைச் சரக்கு. கையில் கிடைத்த வாரமே ஒரு சைக்கிள் கடையில் கொடுத்து எல்லா நட்டையும் இறுக்கி, சக்கரக் கோட்டம் பார்த்து, ஹப்பில் கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள். மொத்தமாகப் பூட்டி லாரியில் வந்த வண்டி அது. அந்தச் சின்னச் செலவோடு பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டி கல்லூரிக்கும் ஓடும்.

வாரண்டி இருக்கிறது என்கிறார்கள். கேட்டால் "இது தேய்மானம் சார்" என்கிறார்களே?

டயர், டியூப், பிரேக் கட்டை, செயின், கேபிள் இவற்றுக்கு எங்கும் வாரண்டி இராது. அதில் சண்டை போட்டுப் பயனில்லை. ஃபிரேமில் வெல்டிங் விடுவது, ஃபோர்க் முறிவது, புது ஹப்பில் ஆட்டம் இவையெல்லாம் வாரண்டிக்குள் வரும். பல கம்பெனிகள் ஃபிரேமுக்கு நீண்ட கால வாரண்டி தருகின்றன. டெகத்லான் பல மாடல்களின் ஃபிரேமுக்கு வாழ்நாள் வாரண்டி தந்திருக்கிறது. உங்கள் மாடலுக்கு என்ன என்பதை விற்பவர் வாயால் கேட்காமல் அட்டையில் படியுங்கள். முதல் சர்வீஸை அங்கே செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் சிலவற்றில் உண்டு.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற பலகையைப் பார்த்து மலைக்க வேண்டாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லவில்லையென்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். பில் தர மறுப்பதும் அப்படியே. மனம் மாறிவிட்டது, நிறம் பிடிக்கவில்லை என்பதற்கு இது உதவாது. முதலில் கடைக்கு எழுத்தில் புகார், புகைப்படத்தோடு. பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், ஐந்து லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்குக் கட்டணம் இல்லை. சைக்கிள் வழக்கில் பெரும்பாலும் 1915-க்குப் பேசியதோடு கடை இறங்கிவந்துவிடும்.

விலை குறைந்திருக்கிறது என்கிறார்களே, பேரம் பேசலாமா?

2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் அதன் பாகங்களுக்கும் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. பில்லில் அந்த வரியைப் பாருங்கள். பெரிய ஷோரூமில் விலை கணினியில் இருப்பதுதான், பேரம் நடக்காது. பிராண்டு டீலரிடமும் தெருக்கடையிலும் ரொக்கத் தள்ளுபடி கேட்பதைவிட ஸ்டாண்ட், மட்கார்ட், பூட்டு, பெல் கேளுங்கள், எளிதாகத் தருவார்கள். ஷோரூம் வண்டிகளில் இவை பல நேரம் தனி விலை. விலைச் சீட்டைப் பார்த்து முடிவெடுக்கும் முன் ஹெல்மெட், விளக்கு, பம்ப் எல்லாம் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள்.

எலக்ட்ரிக் சைக்கிள்?

மோட்டார் 250 வாட்டுக்கும் வேகம் மணிக்கு 25 கி.மீ.க்கும் குறைவாக இருந்தால் பதிவும் லைசென்ஸும் வேண்டாம். மற்றபடி, அதை எங்கே வாங்கினீர்களோ அங்கேதான் சர்வீஸ் என்று எண்ணி வாங்குங்கள். பேட்டரிக்குத் தனி வாரண்டி எத்தனை மாதம், மாற்று பேட்டரி என்ன விலை, இப்போது கையிருப்பில் இருக்கிறதா என்று மூன்றையும் கேட்ட பிறகே பணம். மூன்றாவது கேள்விக்குத் தடுமாறினால் வேறு கடை பாருங்கள்.

வீட்டில் பழைய வண்டி ஒன்று இருக்கிறது. சரிசெய்வதா, புதிது வாங்குவதா?

ஃபிரேமில் விரிசலும் ஃபோர்க்கில் வளைவும் இல்லையென்றால் சரிசெய்யுங்கள். ஷோரூமில் கேட்டால் புதிது வாங்கத்தான் சொல்வார்கள், அவர்கள் கணக்கு அவர்களுக்கு. டயர், டியூப், பிரேக் கட்டை, கேபிள், செயின், ஓவராயில் எல்லாம் சேர்த்துத் தெருக்கடையில் ஒரு மதிப்பீடு வாங்குங்கள். அதேபோன்ற புது வண்டியின் விலையில் பாதியைத் தாண்டாவிட்டால் நான் பழையதையே ஓட்டுவேன். எதை வைத்துக்கொண்டாலும் கிராங்க் பெட்டிக்கு அடியில் குத்தியிருக்கும் ஃபிரேம் எண்ணைச் செல்பேசியில் படம் எடுத்து வையுங்கள். வண்டி காணாமல் போனால் காவல் நிலையத்தில் நிறத்துக்கும் பிராண்டுக்கும் அடுத்து அதைத்தான் கேட்பார்கள்.